பழைய டூல் அண்ட் கட்டர் கிரைண்டர் இறக்கியாச்சு, எங்கேருந்து தொடங்கட்டும்?

கப்பலூர் மோல்டு:

எல்லாருக்கும் வணக்கம். திருமங்கலம் ரோட்டுல கப்பலூர் எஸ்டேட்டை ஒட்டிச் சின்ன ஷெட் வச்சிருக்கேன். ஒரு லேத்து, ஒரு டரட் மில்லிங், ஒரு டிரில்லிங் மிஷின். ரப்பர் மோல்டு வேலைதான் நிறைய. நடுவுல ஷாஃப்டுக்கு கீ வே (சக்கரத்தைப் பூட்டுற சாவி உட்காரும் காடி) போடுறது, பழைய கியரைப் பார்த்துப் புதுசு வெட்டிக் கொடுக்கிறதுன்னு வரும்.

எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எண்ட் மில், அதாவது நுனியிலயும் சுத்தியும் பல்லு இருக்கிற மில்லிங் கட்டர், 6ல இருந்து 25 மிமீ வரைக்கும் ஓடுது. சைடு அண்ட் ஃபேஸ் கட்டர் (வட்டத் தட்டு மாதிரி, விளிம்புலயும் பக்கத்துலயும் பல்லு இருக்கிறது) 80லயும் 100லயும் இருக்கு. மொட்டையானதை எல்லாம் சேர்த்து வச்சு கோயம்புத்தூருக்குச் சாணைக்கு அனுப்புறதுதான் இதுவரைக்கும் வழக்கம். திரும்பி வர்ற வரைக்கும் வேலை நிக்குது. வந்த கட்டர்லயும் சில சமயம் ஒரு பல்லுதான் வெட்டுது, மத்தது சும்மா சுத்துது. மில்லிங்ல போட்ட உடனே டக் டக்னு சத்தத்துலயே தெரிஞ்சுடும்.

அதனால கட்டரை நாமளே சாணை பிடிக்கலாம்னு, கோயம்புத்தூர் கணபதி பக்கம் மூடின டூல் ரூம் ஒண்ணுல இருந்து ஒரு பழைய டூல் அண்ட் கட்டர் கிரைண்டரை எடுத்துட்டு வந்துட்டேன். பெயர்ப் பலகை மேலயே பெயிண்ட் அடிச்சிருக்காங்க, யார் பண்ணினதுன்னு தெரியல. மேனுவல் கிடையாது. கூட வந்தது: ஒரு ஒர்க் ஹெட் (கட்டரைப் பிடிக்கிற தலை), ரெண்டு டெயில் ஸ்டாக் (கட்டரைச் சென்டர்ல தாங்குறது), ஒரு தகர டப்பா நிறைய டூத் ரெஸ்ட் (பல்லைத் தாங்குறது) பிளேடு, ஒரே ஒரு வீல் ஃபிளேஞ்ச் (கல்லை மாட்டுற வட்டு). அந்த ஃபிளேஞ்சுல பழைய கப் வீல் (கிண்ண வடிவக் கல்லு) ஒண்ணு மாட்டியபடியே இருக்கு, கழட்ட வரல. மோட்டார் அரை எச்பி, 2800 ஆர்பிஎம், த்ரீ பேஸ், பெல்ட்டுல ஸ்பிண்டிலுக்கு (கல்லைச் சுத்துற தண்டு) போகுது.

லேத்துக்குப் பக்கத்துல கல்தூள் பறக்கக் கூடாதுன்னு பின்னாடி தனி ரூம்ல வைக்கப் போறேன். அங்க இப்ப சிங்கிள் பேஸ் பாயிண்ட் மட்டும் இருக்கு. விஎஃப்டி (சிங்கிள் பேஸ்ல இருந்து த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டுற, வேகம் மாத்துற பெட்டி) போட்டுடுன்னு ஒருத்தர் சொன்னார். முதல்ல எதைப் பார்க்கணும், எந்தக் கல்லு வாங்கணும், கிளியரன்ஸ் (வெட்டுமுனைக்குப் பின்னால பல்லு முதுகு உரசாம இருக்க விடுற சரிவு) எப்படி செட் பண்றதுன்னு தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லிக் கொடுங்க.

---

மோட்டார் வைண்டிங் அரசரடி:

கரண்ட் விஷயம் மட்டும் நான் சொல்லிடறேன் தம்பி. முன்னாடி ஷெட்டுல த்ரீ பேஸ் ஏற்கெனவே இருக்குல்ல? அப்ப அதுல இருந்தே ஒரு நாலு கோர் கேபிள் இழுத்து, பின் ரூம்ல ஒரு டிஓஎல் (மோட்டாருக்கு நேரடியாக் கரண்ட் கொடுக்கிற) ஸ்டார்ட்டர் போட்டா வேலை முடிஞ்சது. அரை எச்பிக்கு விஎஃப்டி வாங்கிச் செலவழிக்க வேண்டாம். ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பிளேட்டுல இருக்கிற ஆம்பியருக்குச் சரியா வைங்க. ஒரு பேஸ் போனாலும் மோட்டார் உறுமிக்கிட்டே நிக்கும், வைண்டிங் கருகிடும்.

கேபிள் இழுக்க வழியே இல்லைன்னா மட்டும் விஎஃப்டி. அப்பவும் ஒண்ணைக் கவனிக்கணும். சிங்கிள் பேஸ் உள்ளே போற விஎஃப்டி 230 வோல்ட்தான் வெளியே தரும். நம்ம ஊர் சின்ன மோட்டாரெல்லாம் 415 வோல்ட்டுக்கு ஸ்டார்ல கட்டினது. அதை டெல்டாவுக்கு மாத்தணும், ரெண்டும் வைண்டிங் முனையை இணைக்கிற விதம். டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்க. ஆறு முனை இருந்தா பட்டையை மாத்திப் போட்டாப் போதும். மூணுதான் இருக்குன்னா ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே இருக்கு, பிரிச்சு வெளியே எடுத்துத் தரணும். விஎஃப்டியில 50 ஹெர்ட்ஸுக்கு மேல போகாம பூட்டி வைங்க, கல்லு விஷயத்துல வேகம் கூடுறது உயிருக்கு ஆபத்து. சட்டுனு நிக்கிற மாதிரி பிரேக்கும் வைக்காதீங்க, வீல் நட்டு தளர்ந்து போகும்.

எப்படிக் கொடுத்தாலும் முதல்ல பெல்ட்டைக் கழட்டிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க. பேஸ் மாறி எதிர்ப் பக்கம் சுத்தினா அதே நட்டுப் பிரச்சினை வரும்.

---

பழைய டூல் ரூம்:

தம்பி, மேனுவல் இல்லைன்னு கவலைப்படாதீங்க. யார் பண்ணின மிஷினா இருந்தாலும் இது வேலை செய்யிற விதம் ஒண்ணுதான். கட்டரை ரெண்டு சென்டருக்கு நடுவுலயோ ஒர்க் ஹெட்டுலயோ பிடிக்கிறோம். ஒரு பல்லை டூத் ரெஸ்ட் மேல உட்கார வைக்கிறோம். கல்லுக்கு முன்னால டேபிளைத் தள்ளுறோம். பல்லு எந்தக் கோணத்துல அரைபடணும்ங்கிறதை டூத் ரெஸ்ட் நிக்கிற உயரம் தீர்மானிக்குது. மிஷினோட பேரோ விலையோ அதுல ஒண்ணும் செய்யாது. உங்களுக்கு வந்த அந்தத் தகர டப்பாவைப் பத்திரமா வைங்க. இந்த மிஷின்ல விலை மதிப்புள்ளது அதுதான்.

நான் மதுரையில ஒரு நூல் மில்லோட டூல் ரூம்ல சாணைப் பக்கமே வேலை பார்த்தவன். எனக்குத் தெரிஞ்ச வரிசையில சொல்றேன்.

முதல்ல டேபிள். லேத்து கேரேஜ் மாதிரி இது எண்ணெய்ப் படலத்துல வழுக்கிப் போறதில்லை. பெரும்பாலான மிஷின்ல உள்ளே உருளையோ குண்டோ ஓடும். ஒரு விரலால தள்ளினா தடங்கல் இல்லாமப் போய் வரணும். எங்கேயாவது கரகரன்னு கைக்குத் தட்டுப்பட்டா அங்க கல்தூள் இருக்குன்னு அர்த்தம். கம்ப்ரஸர் காத்தை அடிச்சுடாதீங்க, வெளியே கிடக்கிற தூளையும் அது உள்ளே கொண்டுபோய் அடைக்கும். மேல் டேபிளைத் தூக்கி எடுத்து, மண்ணெண்ணெய்ல பிரஷ் போட்டுக் கழுவி, பனியன் வேஸ்ட்டால துடைங்க. உருளைக் கூடு எந்தப் பக்கம் பார்த்து, எந்த இடத்துல இருந்துச்சுன்னு தூக்கறதுக்கு முன்னாடியே மார்க் பண்ணிக்கோங்க. திரும்ப மாட்டும்போது மெல்லிசான ஸ்பிண்டில் ஆயில் கொஞ்சமாத் தடவினாப் போதும். லேத்துக்கு ஊத்துற 68 நம்பர் ஆயிலைப் போட்டா அது தூளைப் பிடிச்சு வச்சுக்கிட்டு பழைய கதைதான் ஆகும்.

அடுத்து ஸ்பிண்டில். கல்லைக் கழட்டிட்டு, டயலை (நுண்ணிய அசைவைக் காட்டுற கேஜ்) மேக்னடிக் பேஸ்ல வச்சு, டேப்பர் (ஸ்பிண்டிலோட கூம்பு முனை) மேல ஊசியை வைங்க. கையால சுத்தினா 5 மைக்ரானுக்குள்ள நிக்கணும். அப்புறம் ஊசியை ஸ்பிண்டில் முகத்துக்கு மாத்திட்டு, கட்டை விரலால முன்னும் பின்னும் அழுத்திப் பாருங்க. அங்கேயும் ஊசி அசைஞ்சு திரும்பி வரலைன்னா பேரிங் போயிடுச்சு. உள்ளே ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் ஜோடியா இருக்கும். மாத்தும்போது ஜோடியாவே வாங்குங்க, பழசு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்துச்சோ அப்படியே போடுங்க. கிரீஸை அடைச்சு வைக்கக் கூடாது, மூணுல ஒரு பங்கு இருந்தாப் போதும். நல்லா இருக்குன்னு தெரிஞ்சா கல்லு இல்லாமயே அரை மணி நேரம் ஓட விட்டுக் கையை வச்சுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடுன்னா நிறுத்திடணும்.

மாட்டிக்கிட்ட ஃபிளேஞ்ச்: சுத்தியலை எடுக்கவே எடுக்காதீங்க. ஒரு அடி அடிச்சாலும் பேரிங் குண்டு வளையத்துல பள்ளம் விழுந்துடும், அந்த ஸ்பிண்டில் அதுக்கப்புறம் கட்டர்ல வரி வரியா அரைக்கும். நட்டு இடது மரையா வலது மரையான்னு இழையைப் பார்த்துட்டுக் கழட்டுங்க. ரெண்டு முனை ஸ்பிண்டில்னா ஒரு பக்கம் நிச்சயமா இடது மரையா இருக்கும். நட்டை எடுத்த பிறகு ஃபிளேஞ்சோட வாய்ல உள் மரை தெரியும். அதுக்குப் பொருந்துற மாதிரி லேத்துல ஒரு புல்லர் கடைஞ்சு, நடு போல்ட்டை முறுக்கினா டேப்பர்ல இருந்து டப்புனு விடும்.

கழட்டின கையோட அதே டேப்பருக்கு இன்னும் நாலஞ்சு ஃபிளேஞ்ச் உங்க லேத்துலயே கடைஞ்சு வைங்க. புளூ (ஒட்டுற இடத்தைக் காட்டுற நீல மை) தடவிப் பார்த்து, முக்கால்வாசிக்கு மேல ஒட்டுற வரைக்கும் டேப்பரைச் சரி பண்ணுங்க. ஏன் இவ்வளவு சொல்றேன்னா, ஒவ்வொரு கல்லும் அதது ஃபிளேஞ்சுலயே நிரந்தரமா இருக்கணும். ஃபிளேஞ்சோட கழட்டி ஃபிளேஞ்சோட மாட்டினா கொஞ்சமா டிரெஸ் (கல்லு முகத்தைச் சீவிச் சரி பண்றது) பண்ணினாப் போதும். ஒரே ஃபிளேஞ்சுல கல்லை மாத்தி மாத்திப் போட்டா ஒவ்வொரு தடவையும் பாதிக் கல்லு டிரெஸ்ஸிங்லயே போயிடும். ஒரு ஃபிளேஞ்சோட வாங்கினவங்க பல பேர் மிஷினையே ஓரமாப் போட்டுடறது இதனாலதான்.

இப்ப முக்கியமான இடம். சென்டர் உயரத்துக்கு ஒரு கேஜ் பண்ணிக்கோங்க. ஒரு கனமான எல் வடிவக் கட்டை போதும். டேபிள் மேல வச்சா அதோட மேல் முனை டெயில் ஸ்டாக் சென்டர் உயரத்துக்குச் சரியா நிக்கணும். கப் வீலைப் போட்டு, டூத் ரெஸ்ட் நுனியை இந்தக் கேஜுக்குச் சமமா வைங்க. இது பூஜ்யம். இந்த நிலையில அரைச்சா கிளியரன்ஸே வராது. இதுல இருந்து டூத் ரெஸ்டை எவ்வளவு கீழே இறக்குறோமோ அதுதான் கிளியரன்ஸ். கணக்கு ரொம்பச் சுலபம்: கட்டர் விட்டம், டிகிரி, 0.0087, மூணையும் பெருக்குங்க. மிமீல விடை வரும்.

20 மிமீ எண்ட் மில்லுக்கு 8 டிகிரி வேணும்னா 1.39 மிமீ இறக்கணும். 10 மிமீ எண்ட் மில்லுக்கு 10 டிகிரின்னா 0.87. உங்க 100 மிமீ சைடு கட்டருக்கு 5 டிகிரின்னா 4.35. சின்ன கட்டருக்கு டிகிரி கூட, பெரிய கட்டருக்குக் குறைச்சல், எஃகு வெட்டறதுக்கு இந்த அளவு சரியா இருக்கும். இதை ஒரு அட்டவணையா எழுதி, லேமினேட் பண்ணி மிஷின்லயே ஒட்டுங்க.

டூத் ரெஸ்டை வீல் ஹெட் (கல்லு ஸ்பிண்டில் இருக்கிற தலை) மேல மாட்டியிருந்தா இன்னும் வசதி. பூஜ்யம் வச்ச பிறகு ஹெட்டோட ஏத்த இறக்க டயலைப் பார்த்து அப்படியே இறக்கலாம், டூத் ரெஸ்டும் கூடவே இறங்கும். கப் வீலோட முகம் செங்குத்தா நிக்கிறதால கல்லு கொஞ்சம் மேல இருக்கா கீழ இருக்காங்கிறது கோணத்தை மாத்தாது. தட்டைக் கல்லோட விளிம்புல அரைக்கிறதா இருந்தா கணக்கு வேற. அதுல டூத் ரெஸ்ட் சென்டர் உயரத்துலயே நிக்கும், கல்லைத்தான் மேல தூக்கணும், பெருக்க வேண்டியது கல்லோட விட்டத்தை. நீங்க கப் வீல்லயே பழகுங்க.

கப் வீலோட ரெண்டு ஓரமும் ஒரே நேரத்துல கட்டர்ல படக் கூடாது. வீல் ஹெட்டை ஒரு டிகிரி திருப்பி வச்சா ஒரு ஓரம் மட்டும் படும். எந்த ஓரம்ங்கிறது நீங்க முடிவு பண்ண வேண்டியது. ஒரு ஓரத்துல கல்லு கீழ்நோக்கிப் போகும், அது பல்லை டூத் ரெஸ்ட் மேல அழுத்திப் பிடிக்கும். ஆபத்து குறைவு, ஆனா வெட்டுமுனையில பிசிறு நிக்கும், சூடும் முனைக்கு வரும். இன்னொரு ஓரம் மேல்நோக்கிப் போகும். முனை சுத்தமா, கூர்மையா வரும். ஆனா பல்லைத் தூக்கி விடப் பார்க்கும். கை ஒரு நொடி தளர்ந்தா கட்டர் சுத்திக்கிட்டு உள்ளே போயிடும், கட்டரும் போச்சு, கல்லும் உடையலாம். பழகற வரைக்கும் முதல் வகையிலயே அரைங்க, பிசிறை ஆயில் ஸ்டோன்ல ஒரு இழுப்பு இழுத்தாப் போயிடும்.

ஒரு பல்லு மட்டும் வெட்டுதுன்னு சொன்னீங்கள்ல? அதுக்குக் காரணம் பெரும்பாலும் கல்லுத் தேய்மானம். முதல் பல்லை அரைக்கும்போது இருந்த கல்லு கடைசிப் பல்லுக்கு வர்றதுக்குள்ள கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அதனால கடைசிப் பல்லு உயரமா நின்னுடும். அவசரத்துல ஒரே சுத்துல முடிச்சுக் கொடுத்துட்டா இப்படித்தான். முதல் சுத்து 0.03 மிமீ கொடுங்க. அடுத்த சுத்தை எதிர்ப் பல்லுல இருந்து தொடங்குங்க. கல்லை ஒரு தடவை லேசா டிரெஸ் பண்ணிட்டு 0.01 கொடுத்து ஒரு சுத்து, கடைசியா எதுவும் கொடுக்காமப் பொறி அடங்குற வரைக்கும் ஒரு சுத்து. பிறகு சென்டர்ல இருந்து எடுக்காமயே டயலை வச்சுப் பல்லுப் பல்லாப் பாருங்க. 0.02க்குள்ள நின்னா எல்லாப் பல்லும் வேலை செய்யும்.

இன்னொண்ணு, கீ வே போடுற ஸ்லாட் டிரில்லோட (காடி வெட்டுற எண்ட் மில் வகை) சுத்துப் பல்லைத் தொடாதீங்க. தொட்டா விட்டம் குறைஞ்சு 10 மிமீ கட்டர் 9.8 ஆயிடும், சாவி ஏறாது. நுனி மழுங்கின அளவுக்கு வெட்டித் தள்ளிட்டு, அடிப் பல்லை மட்டும் ஒர்க் ஹெட்ல வச்சு அரைங்க. அடிப் பல்லு நடுவை நோக்கி ஒண்ணு ரெண்டு டிகிரி குழிவா இருக்கணும்.

---

ஐடிஐ டர்னர் டீச்சர்:

பழைய டூல் ரூம் ஐயா சொன்னதற்கு மேல் அமைப்பு பற்றி நான் சேர்க்க எதுவும் இல்லை. கல்லைப் பற்றி அவர் இன்னும் எழுதவில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் கல்லில்தான் அதிகக் கண்டிப்புக் காட்டுவேன்.

தம்பி, மிஷினோடு வந்த அந்தப் பழைய கல்லை ஓட்ட வேண்டாம். அது எங்கே விழுந்தது, எந்த எண்ணெயில் ஊறியது என்று யாருக்கும் தெரியாது. வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி உடைத்துப் போட்டுவிடுங்கள்.

எச்எஸ்எஸ்ஸுக்கு வெள்ளை அலுமினியம் ஆக்ஸைடு கல், 46 அல்லது 60 கிரிட் (மணியின் அளவு), ஜே அல்லது கே கிரேடு (மணிகளைப் பிடித்திருக்கும் உறுதி), விட்ரிஃபைடு (கண்ணாடி போன்ற பிணைப்பு). கடினமான கட்டருக்கு மென்மையான கல் என்பது பலருக்குக் குழப்பமாக இருக்கும். மழுங்கிய மணிகள் தாமாக உதிர்ந்து புது மணி வெளியே வரத்தான் மென்மையான கிரேடு. எம், என் என்று கடினமான கல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் அது மினுமினுவென்று மூடிக்கொண்டு, அரைக்காமல் உரசிக் கட்டரை நீலமாக்கும். பல்லின் முனையில் நீலமோ வைக்கோல் நிறமோ தெரிந்தால் அந்த இடம் சூடேறிவிட்டது என்று அர்த்தம், கடினம் குறைந்திருக்கலாம். அந்த ஆழம் முழுவதையும் மெல்ல அரைத்து எடுக்க வேண்டும். சூடான கட்டரைத் தண்ணீரில் முக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, மில்லிங்கில் போட்டதும் பல் சிதறும்.

கார்பைடு கட்டருக்கு வைரக் கப் வீல். அதை எச்எஸ்எஸ்ஸில் உரசாதீர்கள். வைரம் கார்பன்தான், சூட்டில் இரும்பு அதைக் கரைத்துத் தின்றுவிடும். எச்எஸ்எஸ்ஸுக்கு அந்த வகையில் கல் வேண்டுமென்றால் சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு). வேலை அதிகமானால் பிறகு வாங்கிக்கொள்ளலாம், இப்போது வெள்ளைக் கல்லே போதும். வெள்ளைக் கல்லுக்கு டிரெஸ்ஸர் ஒற்றை முனை வைரம். வைரக் கல்லை வைர டிரெஸ்ஸரால் தொடக் கூடாது, வெள்ளை அலுமினியம் ஆக்ஸைடு குச்சியால் மெல்லத் தேய்த்தால் அது திறந்துகொள்ளும்.

வேகம் பாருங்கள். ஸ்பிண்டில் எத்தனை ஆர்பிஎம் என்று டாக்கோமீட்டர் வைத்து அளந்துகொள்ளுங்கள், புல்லி விட்டத்தை நம்ப வேண்டாம், யாராவது மாற்றியிருக்கலாம். 125 மிமீ கல் 4500 ஆர்பிஎம்மில் வினாடிக்குச் சுமார் 29.5 மீட்டர் ஓடும். பல மிஷின்களில் சின்னக் கல்லுக்காக 6000க்கு மேல் போகும் படியும் இருக்கும். அந்தப் படியில் 150 மிமீ கல்லை மாட்டினால் 47 மீட்டரைத் தாண்டும். கல்லின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் அதிகபட்ச ஆர்பிஎம் அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் ஒரு சுற்றும் கூடாது.

மாட்டுவதற்கு முன் கல்லை விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் நாலு பக்கமும் தட்டுங்கள். கிண்ணென்று மணி ஓசை வர வேண்டும். டொக்கென்று மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். கல்லோடு வரும் அட்டை வளையங்களைக் கிழித்துப் போடாதீர்கள், ஃபிளேஞ்சுக்கும் கல்லுக்கும் நடுவில் அவை இருந்தே ஆக வேண்டும். புதுக் கல் என்றால் கார்டை மூடி, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிட்டுப் பிறகு அருகில் போங்கள்.

தனி அறை என்றீர்கள், நல்லது. ஆனால் மூடிய அறை என்றால் தூள் உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும். கல் பக்கத்தில் ஒரு உறிஞ்சும் குழாய் வையுங்கள். கார்பைடு தூளில் கோபால்ட் இருக்கிறது, அது நுரையீரலுக்குக் கெடுதல். மூக்கில் கைக்குட்டை கட்டுவது போதாது, என்95 மாஸ்க் போடுங்கள்.

---

கப்பலூர் மோல்டு:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி டீச்சர், அரசரடி அண்ணனுக்கும். எவ்வளவு பொறுமையா எழுதியிருக்கீங்க, பிரிண்ட் எடுத்து ரூம்ல ஒட்டிட்டேன்.

நாலு கோர் கேபிள் இழுத்தாச்சு. ஸ்பிண்டில் டயல்ல சுத்தமா நிக்குது. டேபிள்தான் நீங்க சொன்ன மாதிரியே, உருளை ஓடுற காடியில கறுப்புச் சேறு மாதிரி கல்தூளும் எண்ணெயும் கட்டியாப் படிஞ்சிருந்துச்சு. கழுவி மாட்டின பிறகு இடது கை சுண்டு விரலால தள்ளினாலே போகுது. ஃபிளேஞ்சும் புல்லர் போட்டதும் வந்துடுச்சு, புதுசா மூணு கடைஞ்சிருக்கேன்.

100 மிமீ சைடு கட்டர் அரைச்சேன். நேர்ப் பல்லு, டூத் ரெஸ்டை டேபிள்ல வச்சு, 4.35 இறக்கி. டயல்ல எல்லாப் பல்லும் 0.015க்குள்ள. மில்லிங்ல போட்டா அந்த டக் டக் சத்தமே இல்ல.

ஆனா எண்ட் மில்லு வர மாட்டேங்குது. 20 மிமீ, நாலு பல்லு, 30 டிகிரி முறுக்கு. டூத் ரெஸ்டை வீல் ஹெட்டுக்கு மாத்தி, 8 டிகிரிக்கு 1.39 இறக்கித்தான் அரைச்சேன். பார்க்கக் கூர்மையா இருக்கு, எஃகுல வச்சா வெட்டாம உரசுது, பல்லோட முதுகு பளபளன்னு தேயுது. கணக்கை ரெண்டு தடவை சரி பார்த்துட்டேன். கிளியரன்ஸ் எங்க போச்சுன்னு புரியல.

---

பழைய டூல் ரூம்:

கணக்கு சரிதான் தம்பி. டூத் ரெஸ்ட் நுனி, கல்லு படுற இடத்துக்கு நேரா இல்லை, பக்கவாட்டுல தள்ளி நிக்குது.

நேர்ப் பல்லுல அந்த நுனி எங்க நின்னாலும் பல்லு முழுக்க ஒரே உயரம், அதனால உங்க சைடு கட்டர்ல தெரியல. முறுக்குப் பல்லு அப்படி இல்லை. கோபுரத்துச் சுழல் படி மாதிரி, பக்கவாட்டுல நகர நகர உயரமும் மாறிக்கிட்டே போகும். கல்லு ஒரு படியில பட, டூத் ரெஸ்ட் பக்கத்துப் படியைத் தாங்கிக்கிட்டு இருந்தா நீங்க வச்ச உயரத்துக்கு அர்த்தமே இல்லை. உங்க கட்டருக்கே பாருங்க: 30 டிகிரி முறுக்குல 2 மிமீ பக்கவாட்டுல தள்ளினா சுத்தளவுல 1.15 மிமீ மாறும். 20 மிமீ கட்டர்ல அது ஏறக்குறைய 6.6 டிகிரி. 8 டிகிரி வச்சது 1.4 டிகிரியா வந்திருக்கும். அதான் உரசுது. எதிர்ப் பக்கம் தள்ளியிருந்தா 14 டிகிரிக்கு மேல போய், பல்லு பொடிப்பொடியா உதிர்ந்திருக்கும்.

அதனால அகலமான பிளேடை முறுக்குப் பல்லுக்குப் போடாதீங்க. டப்பாவுல நுனி வளைஞ்சு, மேல மேடு மாதிரி இருக்கிற பிளேடு ஒண்ணு கிடக்கும், அதை எடுங்க. இல்லைன்னா பழைய ஹேக்ஸா பிளேடை அரைச்சுப் பண்ணிக்கலாம். நுனி மேடு ஒரே இடத்துல பல்லைத் தாங்கணும், ஆனா கல்லுக்கு வர்றதுக்கு முன்னாடியே பல்லு அதுல ஏறி உட்கார இடமும் இருக்கணும். மேட்டை ஆயில் ஸ்டோன்ல வழவழப்பாக்குங்க, சொரசொரப்பா இருந்தா அதோட தழும்பு அப்படியே பல்லு முனையில பதியும்.

நேராக்குறது இப்படி. மிஷினை ஆஃப் பண்ணிட்டு, பல்லோட முதுகுல மார்க்கர் மை பூசுங்க. கல்லைக் கையால சுத்தி லேசா உரச விடுங்க. மை அழிஞ்ச கோடு எங்க இருக்கோ, நுனி மேட்டை அதுக்கு நேர் கீழே கொண்டுவாங்க. கண்ணாடி போடுறவங்க கண்ணாடியைப் போட்டுக்கோங்க, அரை மிமீ பிசகினாலும் இந்த கட்டர்ல ஒண்ணரை டிகிரிக்கு மேல போயிடும். இந்த இடம் கிடைச்சதும் டூத் ரெஸ்டோட அடிக்கட்டை போல்ட்டை இறுக்கிட்டு, வீல் ஹெட்டைத் திருப்பாதீங்க. திருப்பினா, கல்லை டிரெஸ் பண்ணினா, திரும்ப ஒரு தடவை மை பூசிப் பார்த்துடுங்க.

அரைக்கும்போது வலது கை டேபிளைத் தள்ளட்டும். இடது கை கட்டரை டூத் ரெஸ்ட் மேல அழுத்திக்கிட்டே இருக்கட்டும். டேபிள் போகப் போகக் கட்டர் தானா முறுக்கோட சுத்திக்கிட்டே போகும், அதை விரல்ல உணரணும். ஒரே வேகத்துல போங்க, நடுவுல நின்னா அந்த இடம் கருகும். பல்லு டூத் ரெஸ்டை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி கல்லைத் தாண்டியிருக்கணும், தாண்டலைன்னா கடைசி ரெண்டு மிமீ மொட்டையாயிடும்.

கிளியரன்ஸ் வந்துடுச்சான்னு மில்லிங்ல போட்டுப் பார்க்க வேண்டாம். டயல் ஊசியை வெட்டுமுனையில வச்சுப் பூஜ்யம் பண்ணுங்க. முதுகுப் பக்கமா அரை மிமீ வர்ற மாதிரிக் கட்டரைச் சுத்துங்க. 20 மிமீ கட்டர்ல 8 டிகிரி இருந்தா ஊசி 0.06 மிமீக்குக் கொஞ்சம் குறைவா இறங்கும். 0.01தான் இறங்குதுன்னா இன்னும் நுனி தள்ளியிருக்கு.

---

வாடிப்பட்டி ரைஸ் மில் சர்வீஸ்:

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். ரைஸ் மில் கியர் வெட்டுற இன்வல்யூட் கட்டர் (கியர் பல்லோட வளைவு உருவத்துல இருக்கிறது) என்கிட்ட ஒரு செட் இருக்கு, எல்லாம் முனை மழுங்கிப் போச்சு. கப்பலூர் தம்பி மிஷின்ல கொடுத்தா இதே மாதிரி டூத் ரெஸ்டை இறக்கி அரைச்சுத் தர முடியுமா ஐயா?

---

பழைய டூல் ரூம்:

இறக்கவே கூடாது. தம்பி, நீங்களும் இதைப் படிச்சுக்கோங்க. உங்களுக்கும் கியர் வேலை வரும்னு எழுதியிருந்தீங்க.

இன்வல்யூட் கட்டர் ஃபார்ம் ரிலீவ்டு. பல்லோட முதுகு முழுக்க அந்த வளைவு அப்படியே பின்னால இறங்கிக்கிட்டே போகும். வெளி முகத்துல கல்லு பட்ட அந்த நொடியே உருவம் போச்சு, அதை வச்சு வெட்டுற கியர் எதுகூடவும் சேராது. அரைக்க வேண்டியது பல்லோட முன் முகத்தை மட்டும். தட்டுக் கல்லு (சாப்பாட்டுத் தட்டு மாதிரி குழிவானது) போட்டு, அந்த முகம் கட்டரோட நடுவை நோக்கி ஆரமா நிக்கிற மாதிரி செட் பண்ணுங்க. கட்டர் மேலயே ரேக் கோணம் (முன் முகம் ஆரத்துல இருந்து சாயுற அளவு) எதுவும் அடிச்சில்லைன்னா அது ஜீரோ ரேக்தான். கல்லோட முகத்தை முதல்ல சென்டர் கோட்டுக்கு நேராக் கொண்டுவந்துட்டு, அதுக்கப்புறம் கல்லைப் பக்கவாட்டுல நகர்த்தக் கூடாது. கட்டரைத்தான் சுத்திக் கல்லுக்குக் கொடுக்கணும். பல்லு முன் முகத்துல அதிகமா அரைச்சா உருவம் மாறாது, கட்டரோட ஆயுசு மட்டும் குறையும்.

எல்லாப் பல்லையும் சமமா எடுக்கிறதுக்கு டூத் ரெஸ்டைப் பல்லோட பின்பக்கத்துல தாங்க வைங்க. அதுக்கு முன்னாடி எல்லாப் பல்லோட கனமும் ஒண்ணா இருக்கான்னு மைக்ரோமீட்டர்ல பார்த்துடுங்க. முன்னாடி யாராவது கண்மதிப்புல அரைச்சிருந்தா கனம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா இருக்கும். அப்படி இருந்தா பின்பக்கத்தை நம்பாம, ஒர்க் ஹெட்ல இண்டெக்ஸ் பிளேட் (சுத்தைச் சமமாப் பிரிக்கிற ஓட்டைத் தகடு) போட்டுப் பிரிச்சு அரைக்கணும்.

வாடிப்பட்டித் தம்பி, கொடுக்கும்போது கட்டர் நம்பரும் மாடுலும் (கியர் பல்லோட அளவு) துடைச்சுத் தெரியுற மாதிரிக் கொடுங்க. ஓட்டையில துரு இருந்தா அதையும் எடுத்துட்டுக் கொடுங்க, மேண்ட்ரல்ல (கட்டரைக் கோக்கிற தண்டு) கட்டர் ஆடினா மத்த எல்லாம் வீண்.

---

கப்பலூர் மோல்டு:

ஐயா, மை பூசிப் பார்த்தேன். பிளேடு நுனி கல்லுக்கோட்டுல இருந்து இடது பக்கம் ரெண்டு மிமீக்குக் கிட்டத் தள்ளித்தான் இருந்துச்சு. டப்பாவுல வளைஞ்ச பிளேடு கிடைச்சுது, அதைப் போட்டு நேராக்கி அரைச்சேன். டயல்ல 0.055 இறங்குது. ஈஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கட்டைல ஓட்டினேன், சில்லு சுருண்டு சுருண்டு வருது, முதுகுல பளபளப்பு இல்ல.

வாடிப்பட்டி அண்ணே, எனக்கு இண்டெக்ஸ் பிளேட் 24 ஓட்டைதான் இருக்கு. உங்க கட்டர்ல எத்தனை பல்லுன்னு எண்ணிச் சொல்லுங்க. 12ன்னா நேரா வந்துடும். 10, 14ன்னா அதுக்குத் தனியா ஒரு பிளேட் கடையணும், அதையும் பண்ணிடலாம். தட்டுக் கல்லு டவுன்ல ஆர்டர் சொல்லியிருக்கேன், வந்ததும் உங்களுக்குச் சொல்றேன்.